ஊமைச் சுற்று

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு யாரையும் கழுவில் ஏற்றக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்திருக்கலாம். இல்லை. ஆகவே தயிர்சாதமும் மாவடுவும் இன்னும் நெஞ்சைத் தாண்டிக் கீழே இறங்காத வேளையில் ஜெசிந்தாவின் முறை வந்துவிட்டது. பயிலரங்கின் மூன்றாம் நாள் அது, கடைசி நாள். நுங்கம்பாக்கத்தில் ஏதோ ஒரு சங்கத்துக்குச் சொந்தமான கட்டடம், இரண்டாம் மாடி, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஒரு ஏசி. குளிர்வதைக் காட்டிலும் சொட்டுவதில்தான் அதற்கு அக்கறை, கீழே ஒரு நீல வாளி வைத்திருந்தார்கள். போட்டி, இதுவரை ஒரு புத்தகமும் போடாதவர்களுக்கானது: விண்வெளி, எதிர்காலம், பேய், பூதம், எதுவானாலும் சரி, நடக்காத ஒன்றைப் பற்றிய கதையாக இருக்க வேண்டும். தேறியவர்களைக் கூட்டிவைத்துப் பட்டை தீட்டுவார்கள், கடைசியில் நாலைந்து கதைகளைப் பொறுக்கிப் படத்தோடு புத்தகமாகப் போடுவார்கள். பட்டை தீட்டுவதற்குச் சேது சார் கண்டுபிடித்து வைத்திருக்கும் சாணைக்கல்தான் ஊமைச் சுற்று. கதையைப் பற்றி வட்டத்தில் ஒவ்வொருவரும் பேசுவார்கள். எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது, குறிப்பெடுக்கக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அவருக்கு ஒரே ஒரு நிமிடம். கதைக்குப் படம் வரைந்தவருக்கும் தனி மதிப்பெண் உண்டு, ஆனால் அந்த ஒரு நிமிடம் கிடையாது. படம்தான் பேச வேண்டும், வரைந்தவர் பேசினால் அதற்குப் பெயர் பொழிப்புரை என்பது சேது சாரின் கட்சி. அறுபதைத் தாண்டியவர், அறிவியல் கதைகளாகவே எழுதித் தலை நரைத்தவர், கல்யாண மண்டப மேலாளர் மாதிரி எப்போதும் கையில் ஒரு மேசை மணி. 'ஊமைச் சுற்று' என்று சொல்லும்போதெல்லாம் தன் சொல்லைத் தானே ரசித்து லேசாகச் சிரித்துக்கொள்வார். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டபோது ஜெசிந்தாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்றைக்கு ராத்திரி வரைக்கும் வாயில் கசந்துகொண்டே இருந்தது.

படத்தைக் கொண்டுவந்து மரப்பலகையில் குத்தினாள் ரிஸ்வானா. வாணியம்பாடிப் பக்கம், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் வேலை, முப்பது வயது இருக்கும். படம் கடைசி நாள் வரைக்கும் யார் கண்ணிலும் படக் கூடாது என்பதால் மூன்று நாளாக அதைச் சுருட்டி ஒரு குழாயில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தாள். இப்போது விரித்துவிட்டுப் பலகைக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். கடலுக்குள் மூழ்கிப்போன சென்னை, பச்சைத் தண்ணீர், ஒரு பெரிய கட்டடத்தின் லிஃப்ட் அந்தத் தண்ணீருக்குள் இறங்குகிறது, கம்பிக் கதவைப் பிடித்தபடி காக்கிச் சேலையில் ஒரு பெண். நன்றாயிருந்தது. தான் எழுதியதைவிட நன்றாயிருந்தது. அப்புறம்தான் மூலை கண்ணில் பட்டது. லிஃப்டின் மூலையில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு மனிதர். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, சும்மா, தண்ணீரைப் பார்த்தபடி. ஐயோ மாதாவே என்று தொண்டை வரைக்கும் வந்தது. விதி விதிதான், விழுங்கினாள். வட்டத்தில் எல்லோர் மடியிலும் இருக்கும் கதையில் அந்த மனிதர் கிடையாது. அவரை அவள் வெட்டி எடுத்து மாதம் ஒன்றாகிறது. ஆனாலும் இதோ உட்கார்ந்திருக்கிறார், விசாரிக்க வந்த சொந்தக்காரர் மாதிரி.

எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற அசட்டுத்தனம், மாட்டிக்கொண்டது அவள். இந்தப் போட்டியில் கதையைப் படக்காரருக்கு அனுப்புவது எழுதினவர் பொறுப்பு. ஒரே ஒரு மின்னஞ்சல், அதோடு சரி, அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. அவள் ஃபோனில் 'லிஃப்ட்' என்று ஒன்று, 'லிஃப்ட் கடைசி' என்று ஒன்று, 'லிஃப்ட் கடைசி புதுசு', 'லிஃப்ட் உண்மையான கடைசி' என்று நாலு கிடந்தன. உண்மையான கடைசிக்கு அப்புறமும் மனசு கேட்காமல் பழையதை ஒருமுறை திறந்து, ஒரு சொல்லை மாற்றி, மூடி வைத்தாள். திறந்து மூடியதால் அது பட்டியலில் மேலே வந்து உட்கார்ந்திருக்கும். வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில், சீட்டுக் கொடுக்கும் இடைவெளியில், அவசரமாக விரலால் தொட்டது அதைத்தான். அனுப்பியாயிற்று. இப்போது சேது சார் மணியை ஒரு தட்டுத் தட்டி, ஆரம்பிக்கலாம் தருண் என்கிறார், தருண் கால் மேல் கால் போட்டுக்கொள்கிறான், வாளியில் ஒரு சொட்டு விழுகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதித்தாளில் மூன்றாவதோ நான்காவதோ ஒன்று, படக்காரருக்கு அனுப்பும் கதையும் போட்டிக்கு வைக்கும் கதையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை நீக்கப்படும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பெண் கதையில் இல்லாததை வரைந்தாள் என்று போய்விடும். திறந்தால் கதை போய்விடும். வருஷா வருஷம் அனுப்பி, வருஷா வருஷம் தோற்று, இதுதான் கடைசித் தடவை, இதற்குமேல் ஏறிட்டுப் பார்க்க மாட்டேன் என்று ஆண்டவர் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு அனுப்பிய கதை.

தருண் பாராட்டுகிறான். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், எதையும் எடை போட்டுத்தான் பேசுவான். இந்தக் கதையில் ஒரு கிராம் கொழுப்பு இல்லை என்கிறான். முங்கிப்போன மாடிகளுக்கு ஒரு பெண் தனியாக லிஃப்டில் இறங்கி, மேலே பிழைத்துக் கிடப்பவர்கள் விட்டுவிட்டு வந்த சாமான்களை எடுத்துக்கொண்டு வருகிறாள், ஒருத்திக்கு ஆல்பம், ஒருத்திக்குக் குக்கர், அவ்வளவுதான், நேராகப் போகிறது, திரும்பி வருகிறது. அவன் சொல்லச் சொல்ல அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பெருமை வந்த வழியிலேயே திரும்பியும் போனது. கொழுப்பு. எடுத்த கொழுப்பு இதோ பலகையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஸ்டூல் அவள் சமையலறை ஸ்டூல், ஒரு கால் ஆடும், அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருக்கும். அவள் புருஷன் ஆரோக்கியசாமி அதில்தான் உட்காருவார். சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்து உலையை வைத்துவிட்டு, அடுப்பு மேடையோரமாகவே நின்றபடி எழுதுவாள்; அவர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உதவி எதுவும் செய்ய மாட்டார், வெங்காயம் உரித்துத் தாருங்கள் என்றால் உரிப்பார், சொல்லாவிட்டால் இல்லை. சும்மா இருப்பார். ஒரு நாள் எரிச்சலில் உள்ளே போய் டிவி பாருங்களேன் என்றாள், எழுந்து போனார். அன்றைக்கு ஒரு வரி ஓடவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று தன்னையே திட்டிக்கொண்டு, குழம்பு கரிந்ததும் போய்க் கூப்பிட்டாள். வந்தார், ஸ்டூலைப் போட்டார்.

அவர் பஸ் கண்டக்டர். பாரிஸ் பாரிஸ் பீச் என்று அவர் குரல் கொடுத்தால் பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, எதிர்ப்பக்கம் போகிறவர்களுக்கும் பாரிஸ் போகலாமா என்று தோன்றும். கல்யாணமான புதிதில் மாதா கோயிலில் பாட்டு எடுத்துவிடுவதும் அவர்தான். தூத்துக்குடியிலிருந்து வந்த அவள் அப்பா, மாப்பிள்ளைக்கு ஆஸ்தி இல்லாவிட்டால் என்ன, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றார். குரல் கம்மியது, பனி என்றார்கள். இன்னும் கம்மியது, தூசி என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளை வைத்து அனுப்பினார்கள். மூச்சு அது வழியாகத்தான், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. வாயால் ஊத முடியாது என்பது அவளுக்கு முதலில் புரியவே இல்லை. பையிலிருந்து பழைய விசிலை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். கன்னம் மட்டும் அசைந்தது. விசிலைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார், அதற்கப்புறம் தொடவில்லை. பேசுவதற்கென்று ஒரு கருவி கொடுத்தார்கள், கழுத்தில் வைத்து அமுக்கினால் குரல் வரும், எந்திரக் குரல்; எந்திர மனிதர்களை வைத்து அவள் எழுதிய கதைகள் அதற்குள் மூன்று போட்டியில் தோற்றிருந்தன, ஆனால் வீட்டில் ஒன்று 'ஜெசி சாப்பிட்டியா' என்று கேட்டபோது அவளால் நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து அழுதது. கருவி அலமாரிக்குப் போயிற்று. பிறகு அவராக ஒரு பாஷை வைத்துக்கொண்டார். புதிது இல்லை, பழைய தொழில் பாஷைதான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. ரெண்டு தட்டு என்றால் போகலாம், ரைட். சுவரில், கட்டிலில், அவள் தோளில், எங்கே கை எட்டுகிறதோ அங்கே. எழுதியதை அவள் வாசித்துக் காட்டுவாள். சலிக்கிற இடத்தில் ஸ்டூல் விளிம்பில் ஒரு தட்டு. நன்றாக ஓடினால் ரெண்டு. இத்தனை வருஷத்தில் அவள் கதைகளுக்கு இருந்த ஒரே வாசகர்.

மணி. முத்துமீனாள் பேசுகிறாள், காரைக்குடிக் கல்லூரியில் தமிழ் வாத்தியாரம்மா, பேசும்போது கண்ணை மூடிக்கொள்வாள். இந்தக் கதையின் உயிரே அந்தப் பெண்ணின் தனிமைதான் என்கிறாள். கூட ஒரு ஈ காக்கை இல்லை, பேச்சுத் துணை இல்லை, அந்த வெறுமையை இவங்க சொல்லாமலே சொல்லிடறாங்க, பட்டவங்கதான் இப்படி எழுத முடியும். எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாது என்று ஞாபகம் வந்து, காகிதத்தைப் பார்க்கிறார்கள். பட்டவள். தாலி கட்டினவர் கீழே காத்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாளும் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு, வாட்ச்மேன் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நீங்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்களேன் என்றால் ஒரு தட்டு. இப்போதுகூடக் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஜன்னல் வழியாகத் தெரிவார், திருப்பக் கூடாது. இவர்கள் இல்லாத ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளையே நடுவில் உட்கார வைத்துக்கொண்டு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றி, எங்கே என்று தேடினாள், கிடைத்துவிட்டது, கிடைக்காமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டில். சுற்றி நின்ற கொழுந்தன், நாத்தனார், கோயில் பங்கிலிருந்து வந்தவர்கள். இவருக்குக் காரம் ஆகாது, இவரு மனசு விட்டுடுவாரு, இவரைத் தனியா விடாதே, இவரு வேலைக்கு இனி லாயக்கில்லை, டெப்போவில் கேட்டு ஏதாவது வாங்கப் பார். தலைமாட்டில் நின்று அவளும் சொன்னாள், இவருக்குக் கஞ்சி பிடிக்காது என்று. நடுவில் அவர் படுத்திருந்தார், முகத்தை எங்கேயும் சுளிக்காமல். பேச முடியாதவனுக்குக் காதும் போய்விட்டது என்று யார் சொன்னது. இங்கே அவளுக்கு ஒரு சுற்று, முடிவில் ஒரு நிமிடம் தருவார்கள். அவருக்கு யார் தந்தார்கள்.

கால் மரத்துப்போயிருந்தது. அசைக்கலாமா, அதுவும் கருத்துச் சொல்வதில் சேருமா என்று யோசித்துக்கொண்டே விட்டுவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே அப்படி ஓர் அசதி, ஸ்கேன் சென்டரில் சாயங்காலம் கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடித்ததும் வருமே, அது. நாளெல்லாம் மைக்கில் பெயர் பெயராகக் கூப்பிடுவது அவள் வேலை. கூப்பிட்ட பெயருக்கு ஆள் எழுந்து வருவான், கையில் பழைய ரிப்போர்ட் பையோடு, அவள் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பான். எத்தனை பேரைக் கூப்பிட்டிருப்பாள். அடுத்த மாதம் ஆரோக்கியசாமி பெயரையும் கூப்பிட வேண்டும், வருஷப் பரிசோதனை. போன முறை மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் வரிசையிலிருந்து எழுந்து அவளைப் பார்த்துக் கண்ணடித்தார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அடுத்த பெயரைத் தப்பாகக் கூப்பிட்டாள். வாசலில் கேட்கிற ஒவ்வொரு இருமலுக்கும் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பயத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது. அதனால்தான் அந்த ஸ்டூல்காரரை லிஃப்டில் உட்கார வைத்தாள். கதையில் அவருக்குப் பெயர்கூட இல்லை. எங்கே போனாலும் கூடவே வருவார், ஒன்றும் செய்ய மாட்டார். லிஃப்ட் கிளம்ப வேண்டும் என்றால் கம்பியில் ரெண்டு தட்டு. முடிவில் எல்லாவற்றுக்கும் அடியில், அவர்களுடைய பழைய வீடு இருந்த மாடி வந்ததும், ஒரு தட்டு. நம்ம ஸ்டாப் வந்தாச்சு. அவ்வளவுதான் கதை. எழுதி முடித்தபோது அரிசி அடிப்பிடித்திருந்தது.

தேறின பிறகு சேது சார் ஒரு மாதம் ஃபோனில் திருத்தம் சொன்னார். நல்ல மனுஷர்தான், பொறுமையாகச் சொன்னார். லிஃப்டில் பட்டன் இருக்கும்போது எதுக்கும்மா இந்த ஆள் தட்டணும்? உப்புக்குச் சப்பாணியா ஒருத்தர் மூலையில உட்கார்ந்திருக்காரு, அவரை எடுத்துட்டா என்ன குறைஞ்சுபோகும்னு பாருங்க. ஒண்ணும் செய்யாத ஆளுக்குக் கதையில சம்பளம் கிடையாது. பார்த்தாள். எடுத்தாள். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தாள், இல்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் வரும் வரிகளை அழித்தபோது முன்னும் பின்னும் தானாக ஒட்டிக்கொண்டன, அங்கே ஒரு ஆள் இருந்த சுவடே இல்லாமல். கதை வேகமாகப் போயிற்று. முடிவுக்கு மட்டும் வேறு ஒன்று எழுதினாள், அந்தப் பெண் தனியாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறாள் என்று, சேது சார் பிரமாதம் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல வாசித்துக் காட்டினாள். ஆரோக்கியசாமிக்குப் பழைய கதை மனப்பாடம், நாலைந்து தடவை கேட்டிருக்கிறார். லிஃப்ட் கிளம்பும் இடம் வந்தது, தட்டு இல்லை, அவள் நிற்காமல் வாசித்தாள், அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்துவிட்டு நிமிரப் பயமாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். ஒரு தட்டு விழுந்திருந்தால் அவள் அந்த ராத்திரியே எல்லாவற்றையும் திரும்பப் போட்டிருப்பாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பேசாமல் இருந்தார் என்று அவரைப் பற்றி யார் சொல்ல முடியும், இருந்தார். பிறகு ஸ்டூல் விளிம்பில் ரெண்டு தட்டு. ரைட், போகலாம்.

இந்தப் பக்கம் படத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. கரூர்க்காரர் விஜயராகவன், டெக்ஸ்டைல் மில்லில் இன்ஜினீயர், அத்தனை ஆழத்தில் தண்ணீர் அழுத்தத்துக்கு லிஃப்டின் கண்ணாடிச் சுவர் தாங்காது என்று கதையை ஒரு குத்துக் குத்திவிட்டு, படத்துக்குத் திரும்பி, இந்த ஆள் யாருங்க என்றார். கதையை ரெண்டு தடவை படிச்சேன், இப்படி ஒருத்தர் எங்கேயும் இல்லையே. தருண் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றான். முத்துமீனாள் கண்ணைத் திறந்துகொண்டு, தனிமையைப் பற்றின கதையில பக்கத்துல ஒரு ஆளை உட்கார வெச்சா கதையே போச்சே என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். சேது சார் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூலையை உற்றுப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிடும் என்று ஜெசிந்தா நினைத்தாள், வந்துவிட்டால் நல்லது என்றும் வராவிட்டால் நல்லது என்றும். வரவில்லை. எத்தனை கதை படிக்கிறாரோ, எத்தனை சப்பாணிகளை எடுக்கச் சொல்லியிருப்பாரோ. கற்பனை இருக்கலாம், ஆனா எழுதினவங்க வீட்டுல நாமளா வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது என்று சொல்லி, மதிப்பெண் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படம் கதைக்கு உண்மையாக இருக்கிறதா, அதுதான் தாளில் முதல் கேள்வி.

ரிஸ்வானாவின் கழுத்து சிவந்திருந்தது. வாயைத் திறக்க அவளுக்கு உரிமை இல்லை, ஒரு நிமிடம்கூட இல்லை. குனிந்து ஃபோனை எடுத்தாள், தள்ளித் தள்ளி எதையோ தேடினாள், படித்தாள். ஜெசிந்தாவுக்கு அவள் எதைப் படிக்கிறாள் என்று தெரியும், எந்த வரியில் விரல் நிற்கிறது என்றுகூடத் தெரியும். படித்துவிட்டு நிமிர்ந்தவள் சேது சாரைப் பார்க்கவில்லை, நேராக ஜெசிந்தாவைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தேவலை. என்னக்கா இது என்கிற மாதிரி ஒரு பார்வை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இப்போது என்ன. ஒன்றும் ஆகாது, அவள் சின்னப் பெண், அடுத்த வருஷம் வரைவாள். வாணியம்பாடியிலிருந்து இனி ஒரு தடவை யார் அனுப்புவார்கள். நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாளே, கடைமுதலாளி லீவு கொடுக்காததால் மாமியார் வீட்டில் மௌத், ஒரு சாவு என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன் என்று. எல்லோரும் சிரித்தோம். பரவாயில்லை, வெளியே போனதும் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம், அழலாம்கூட. அழுவதற்கும் தெம்பு வேண்டும். புத்தகம் வரட்டும் முதலில், கையில் ஒரு புத்தகம், மேலே பெயர், அதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தால் அவர் திறந்து பார்ப்பார், உள்ளே எங்கேயும் அவர் இருக்க மாட்டார். பக்கம் பக்கமாகத் தேடுகிற ஆள் இல்லை அவர். ரெண்டு தட்டுத் தட்டுவார். அதை நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாமே அலுத்துப்போயிற்று, போட்டி, புத்தகம், தருணின் கிராம் கணக்கு, இந்த அடக்கிவைத்த தொண்டை. கழுத்தைத் திருப்பக் கூடாது என்று விதி இருந்தால் இருக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திருப்பினாள். கீழே வேப்ப நிழலில் வாட்ச்மேன் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில், கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்தபடி ஆரோக்கியசாமி. அதே மாதிரி. ரிஸ்வானா அவரைப் பார்த்ததில்லை. கைகள் எப்படி இருக்கும் என்று கதையில் எழுதவும் இல்லை.

மணி அடித்தது. சரி ஜெசிந்தாம்மா, இப்ப உங்க நிமிஷம், என்றார் சேது சார்.

வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இத்தனை நேரம் மூடிக் கிடந்ததில் தொண்டை கட்டியிருந்தது. இதுதானா, இப்படித்தானா அவருக்கு. செருமினாள். முத்துமீனாள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி செருமினாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லை சார். நான் அவளுக்கு அனுப்பின கதையில அவர் இருந்தாரு. ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாரு. உங்க கையில இருக்கறதுலதான் இல்லை. ஃபைல் மாறிப்போச்சு."

வட்டத்தில் ஒரு சலசலப்பு. விஜயராகவன் அதானே என்றார். சேது சார் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார், எங்கோ ஒரு மூலையில் அவருக்கு ஞாபகம் வர ஆரம்பித்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். விதி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கைத்தவறுக்காக ஒரு நல்ல கதையைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது என்றார். எங்கள் கையில் இருப்பதுதான் கதை என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் போதும், ரிஸ்வானாவுக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்து, மூலையை மட்டும் அழித்து வரைந்து தரச் சொல்லலாம், யாருக்கும் நஷ்டமில்லை. நல்ல மனுஷர் என்று அவள் நினைத்தது சரிதான். எல்லோரும் தலையாட்டினார்கள். மூலையை மட்டும் அழித்தால் போதும். ஏற்கெனவே ஒரு தடவை அழித்திருக்கிறாள், எவ்வளவு சுளுவாக அழிந்தது.

"இல்லை சார்," என்றாள். குரல் இப்போது அவள் குரலாக இருந்தது, மைக்கில் பெயர் கூப்பிடுகிற குரல். "படம் சரியா இருக்கு. கதைதான் தப்பு. அவ கையில இருக்கறதுதான் என் கதை."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அது திருத்தாத கதை. அதை நான் புத்தகத்துல போட முடியாது."

"தெரியும் சார்."

"அப்ப நீங்க போட்டியிலேயே இல்லை. புரியுதா?"

"புரியுது. படத்துக்கு மட்டும் அந்தக் கதையை வெச்சு மார்க் போடுங்க."

சேது சார் மணியை எடுத்தார், அடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவள் நிமிடம் முடிந்துவிட்டதா, மிச்சம் இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் அதில் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை, இறங்கிப் போய் பஸ் பிடித்தால் போதும் என்று இருந்தது. ஏசி வாளியில் ஒரு சொட்டுச் சொட்டியது. பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஸ்வானா, பேசுவதற்கு ஒரு நிமிடமும் இல்லாதவள், கையை நீட்டி, படத்துக்குக் கீழே அந்த மரப்பலகையில் விரல் முட்டியால் தட்டினாள். ரெண்டு தட்டு.

கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்துச் சேது சார் வாசல் பக்கம் திரும்பினார்.

"யாரது, உள்ளே வாங்க," என்றார்.